சென்னையில் பால்கனியோ தனி மாடியோ உள்ள வாடகை வீடு: முதன்முறை தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

வேலையின் பொருட்டு முதன்முறையாகச் சென்னைக்குக் குடிவருகிறவர்கள் வாடகை எவ்வளவு, அலுவலகம் எத்தனை கிலோமீட்டர், தண்ணீர் லாரியா மெட்ரோ வாட்டர் குழாயா என்று கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள். வீட்டோடு பால்கனியோ தனி மாடியோ இருந்தால் அதை மட்டும் ஒருமுறை எட்டிப் பார்த்து, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். மூன்று வாடகை வீடுகளில் குடியிருந்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: அந்தத் திறந்தவெளியையும் ஓர் அறையாகவே கருதி, அளந்து பார்த்து, சோதித்து, ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுதி வாங்க வேண்டும். வீட்டின் மற்ற அறைகளைவிட அதிகத் தொல்லை தரக்கூடிய இடமும் அதுவே, ஒப்பந்தத்தில் ஒரு வரிகூட இடம்பெறாமல் போகும் இடமும் அதுவே.

விளம்பரத்தில் வரும் சொற்கள்

‘பால்கனி உண்டு’ என்று தரகர் சொன்னால் அது எந்தப் பால்கனி என்று முதலில் கேளுங்கள். சமையலறையை ஒட்டி, துணி துவைக்கும் இயந்திரம் வைப்பதற்காக விடப்பட்ட மூன்றடிச் சந்துக்கு ‘யுடிலிட்டி’ என்று பெயர். அதையும் கணக்கில் சேர்த்து ‘இரண்டு பால்கனி’ என்று சொல்வது வழக்கம். ஹாலை ஒட்டி இருப்பது ‘சிட்-அவுட்’. மேல்தளத்தில் வீட்டோடு சேர்ந்து, வேறு எவரும் வர முடியாதபடி கதவு போட்ட திறந்த மாடி ‘பிரைவேட் டெரஸ்’. தரைத்தளத்தில் சுற்றுச்சுவரை ஒட்டிய துண்டு நிலத்தைக் ‘கார்டன்’ என்பார்கள். பல கட்டடங்களில் அதற்கு அடியில்தான் கழிவுநீர்த் தொட்டியோ தண்ணீர்த் தொட்டியோ இருக்கும், மூடியைத் தேடிப் பாருங்கள்.

பரப்பளவைப் பற்றியும் ஒரு சொல். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ‘கார்ப்பெட் ஏரியா’ என்பதில் பால்கனியும் திறந்த மாடியும் சேராது. ஆனால் வாடகை விளம்பரத்தில் வரும் ‘1,200 சதுர அடி’ பெரும்பாலும் பால்கனி, படிக்கட்டு, லிஃப்ட் ஆகியவற்றின் பங்கையெல்லாம் சேர்த்த எண். ஆகவே அந்த எண்ணை விட்டுவிட்டு, கையில் ஓர் அளவு நாடாவோடு செல்லுங்கள். நீளத்தைவிட ஆழமே முக்கியம்: நான்கடிக்குக் குறைந்த ஆழமுள்ள பால்கனியில் நாற்காலி போட்டால் கால் நீட்ட முடியாது, அது துணி காயப்போடும் இடமாகவே முடியும். ஏ.சி.யின் வெளிப்பகுதி எங்கே மாட்டப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். பால்கனிக்குள்ளேயே, நிற்கும் ஆளின் இடுப்பு உயரத்தில் அது இருந்தால், கோடை இரவுகளில் அங்கே உட்கார்ந்திருப்பவர் மீது வீட்டின் வெப்பம் முழுவதும் வீசும்.

எப்போது தேடுவது

பள்ளிகள் திறப்பதற்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் வீடு மாறுவோர் அதிகம்; நல்ல வீடுகள் ஓரிரு நாளில் கைமாறிவிடும், பேரம் பேச இடமிராது. ஆடியிலும் மார்கழியிலும் குடிபோகக் கூடாது என்ற வழக்கம் இன்றும் பலரிடம் உண்டு என்பதால், அந்த மாதங்களில் பூட்டிக் கிடக்கும் வீட்டின் உரிமையாளர் வாடகையிலோ அட்வான்ஸிலோ சற்று இறங்கி வருவார். உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லையென்றால் ஆடி மாதமே நல்ல மாதம். வீட்டின் திறந்தவெளியைச் சோதிப்பதற்கோ ஐப்பசி, கார்த்திகையை மிஞ்சிய காலம் இல்லை. ஓட்டைகள் அனைத்தும் அப்போது தாமாகவே வெளிவந்துவிடும்.

நேரில் பார்க்கும் முறை

ஒரே வீட்டை இரண்டு முறை பாருங்கள்: ஒருமுறை பிற்பகல் மூன்று மணிக்கு, மறுமுறை இரவு எட்டு மணிக்கு மேல். காலையில் பார்த்தால் எந்தப் பால்கனியும் அழகாகத்தான் இருக்கும்.

திசையைப் பொறுத்தவரை, சென்னையில் கடற்காற்று கிழக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வருகிறது. கோடையில் அது முற்பகலிலோ நண்பகலை ஒட்டியோ நிலத்துக்குள் நுழையும், கடலிலிருந்து தள்ளியுள்ள போரூர், பூந்தமல்லிப் பக்கங்களை இன்னும் தாமதமாகவே எட்டும். கிழக்கோ தெற்கோ பார்த்த பால்கனிக்கு அந்தக் காற்று கிடைக்கும், எதிரே இன்னொரு அடுக்குமாடி மறைக்காதவரை. மேற்குப் பார்த்த பால்கனி பிற்பகல் முழுவதும் வெயிலை வாங்கி, சூரியன் மறைந்த பிறகும் தரையும் சுவரும் அனலை விடும். அக்கினி நட்சத்திர நாட்களில் இரவு ஒன்பது மணிக்கு முன் அங்கே வெறுங்காலோடு நிற்க முடியாது. வாடகை கணிசமாகக் குறைந்தாலன்றி மேற்கை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். ஆனால் கிழக்குக்கும் ஒரு விலை உண்டு. வடகிழக்குப் பருவமழை கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சாய்ந்து அடிப்பதால், கார்த்திகை மழை அந்தப் பால்கனியின் வழியாகவே ஹாலுக்குள் நுழையப் பார்க்கும்.

தண்ணீர் எங்கே போகிறது என்பதே இந்த வழிகாட்டியில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள விரும்பும் பகுதி. இருநூறு சதுர அடி மாடியில் பத்து சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 1,850 லிட்டர் தண்ணீர் விழுகிறது. சென்னையில் நவம்பர், டிசம்பரில் ஒரே நாளில் அந்த அளவு பெய்வது அபூர்வமன்று. அவ்வளவும் ஒன்றிரண்டு குழாய்களின் வாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். எனது இரண்டாவது வீட்டில் தனி மாடி இருந்தது, தண்ணீர் இறங்க ஒரே ஒரு துளை மட்டும் இருந்தது, அதன்மேல் சல்லடை இல்லை. ஒரு நவம்பர் இரவில், பக்கத்து வீட்டுப் பந்தலிலிருந்து பறந்து வந்த பாலித்தீன் தாள் ஒன்று அந்தத் துளையின் மேல் சரியாகப் படிந்துவிட்டது. அதிகாலை மூன்று மணிக்கு விழித்தபோது, நிலைப்படியைத் தாண்டிய தண்ணீர் படுக்கையறைக்குள் நின்றது. தரையில் விரித்திருந்த மெத்தை அடிப்பக்கம் முழுவதும் ஊறியிருந்தது. சுவரில் ஏறிய ஓதத்துக்கு நானே காரணம் என்று சொல்லி, காலி செய்யும்போது வெள்ளையடிக்கும் செலவை அந்த உரிமையாளர் என் அட்வான்ஸில் பிடித்துக்கொண்டார். மறுத்துப் பேச என்னிடம் ஒரு வரி எழுத்துகூட இல்லை.

ஆகவே வீடு பார்க்கச் செல்லும்போது ஒரு வாளித் தண்ணீர் கேளுங்கள். உரிமையாளர் வியப்போடு பார்ப்பார், பரவாயில்லை. பால்கனியின் வீட்டுச் சுவரோரத்தில் அதை மெதுவாக ஊற்றிவிட்டு ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். தண்ணீர் கம்பியோரத் துளையை நோக்கி ஓட வேண்டும்; நடுவில் குட்டையாகத் தேங்கினால் வாட்டம் (தரையின் சரிவு) சரியில்லை என்று பொருள், கதவை நோக்கித் திரும்பினால் அந்த வீடே வேண்டாம். பால்கனியின் தரை ஹாலின் தரையைவிட ஓரிரு அங்குலமாவது தாழ்ந்திருக்க வேண்டும். இழுவைக் கதவாக இருந்தால் அதன் கீழ்ச் சட்டத்தில் நீர் வெளியேறும் சிறு துளைகளைத் தேடுங்கள். மண்ணும் சிமெண்டும் அடைத்துக் கிடந்தால் அந்தச் சட்டமே வாய்க்காலாகி நீரை உள்ளே விடும். பிறகு உள்ளே வந்து, மாடிக்கு நேர் கீழே உள்ள கூரையை அண்ணாந்து பாருங்கள். வெளிர்பழுப்பு வளையங்கள், உப்பு பூத்த சுண்ணாம்பு, வீடு முழுவதும் பழைய வண்ணமிருக்க ஒரு சுவருக்கு மட்டும் அடித்த புது வண்ணம் ஆகிய மூன்றும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன.

மேல்தள வீட்டில் வெப்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பகலெல்லாம் காய்ந்த காங்கிரீட் தளம் நள்ளிரவு வரை சூட்டை உள்ளே இறக்கிக்கொண்டிருக்கும். மாடியில் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் பதித்திருக்கிறார்களா, வெறும் சிமெண்ட் பூச்சா என்று பாருங்கள். சென்ற கோடையின் மின்கட்டண ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். நம் ஊரில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால் ஏப்ரலும் மேயும் அடங்கிய ரசீதே உண்மையைச் சொல்லும். மின் இணைப்புக்குத் தனி மீட்டர் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்: உரிமையாளரின் இணைப்பிலிருந்து துணை மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் வீடுகளில், வீட்டு இணைப்புக்கு அரசு தரும் இலவச யூனிட் சலுகை உங்கள் கைக்கு வராது.

கைப்பிடிக் கம்பியைச் சற்று அழுத்தி ஆட்டிப் பாருங்கள். திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று இரும்பைத் தின்றுவிடும். மேலே பளபளக்கும் வண்ணத்துக்கு அடியில், கம்பி தரையில் இறங்கும் இடம் உளுத்துப்போயிருக்கும். சிறு குழந்தை இருக்கும் வீட்டுக்கு மூன்றரை அடிக்குக் குறைந்த கைப்பிடி போதாது. கம்பிகள் குறுக்காகப் போடப்பட்டிருந்தால் அவை குழந்தைக்கு ஏணி. நெடுக்காக இருந்து, இடைவெளி நான்கு அங்குலத்துக்கு உட்பட்டிருந்தால் நல்லது.

இரவில் சென்று பார்க்கச் சொன்னதன் காரணம் சத்தமும் வெளிச்சமும். லிஃப்ட் அறை, மோட்டார், எதிர்வீட்டு விளக்கு, கீழே உணவகத்தின் புகைபோக்கி ஆகியவற்றின் அருமை இரவில்தான் தெரியும். மெட்ரோ பணியோ மேம்பாலப் பணியோ நடக்கும் சாலையைப் பார்த்த பால்கனி என்றால், கைப்பிடியை விரலால் ஒருமுறை தடவிப் பாருங்கள். ஒட்டும் புழுதியே அந்த இடத்தை ஆண்டில் எத்தனை நாள் பயன்படுத்த முடியும் என்று சொல்லிவிடும்.

மாடி உண்மையில் யாருடையது

பால்கனியில் இந்தச் சிக்கல் எழாது, மாடியில் எழும். அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி பொதுவாக எல்லா வீட்டுக்காரர்களுக்கும் பொதுவானது. அதில் ஒரு பகுதியை ஒருவர் ‘என் தனி மாடி’ என்று வாடகைக்கு விட வேண்டுமானால், அவருடைய விற்பனைப் பத்திரத்திலோ அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்திலோ அந்த உரிமை தெளிவாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை மட்டும் காட்டச் சொல்லிக் கேட்பதில் தவறொன்றும் இல்லை. தயங்கினால், குடியிருப்போர் சங்கத்தின் செயலாளரிடம் ஒரு வார்த்தை விசாரியுங்கள். அவர் ஒரு சிரிப்போடு பேச்சைத் தொடங்கினால் அங்கே ஏற்கெனவே வழக்கு நடக்கிறது என்று கொள்ளலாம். சங்கத்துக்கும் உரிமையாளருக்கும் நடக்கும் சண்டையில் கதவுக்குப் பூட்டுப் போடுவது சங்கம், வாடகை கொடுத்துக்கொண்டிருப்பது நீங்கள்.

உரிமை சரியாக இருந்தாலும், தண்ணீர்த் தொட்டிக்கு ஏறும் ஏணி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் தனி மாடியைக் கடந்துதான் தொட்டிக்குப் போக முடியும் என்றால், தொட்டி கழுவுகிறவர், குழாய் வேலை செய்பவர், கேபிள்காரர் என மாதத்துக்கு நான்கு பேர் உங்கள் படுக்கையறைச் சன்னலோரம் நடந்து செல்வார்கள். அதை விரும்பாவிட்டால் அந்த வீடு உங்களுக்கானதன்று; ஏற்றுக்கொள்வதானால், முன்கூட்டியே சொல்லிவிட்டு வர வேண்டும் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சங்கத்தின் விதிகளையும் கையோடு கேட்டு வாங்கிவிடுங்கள். புறாவலைக்கு அனுமதி உண்டா, என்ன நிறத்தில், கைப்பிடிக்கு வெளியே துணி காயப்போடலாமா, மாடியில் விருந்தினரோடு எத்தனை மணி வரை இருக்கலாம் என்பவை ஒவ்வொரு கட்டடத்திலும் வேறுபடும். புறாவலையை அலட்சியமாக நினைக்க வேண்டாம். புறாக்கள் குடியேறிய பால்கனியில் நாற்காலி போடும் எண்ணத்தை இரண்டே வாரத்தில் கைவிட்டுவிடுவீர்கள்.

அட்வான்ஸும் ஒப்பந்தமும்

தமிழ்நாட்டில் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பதிலாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் முறைப்படுத்தும் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை ஆணையத்தில் அதைப் பதிந்து பதிவு எண் பெற வேண்டும். இருவரும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றி அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேற்படக் கூடாது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் அது திரும்பி வர வேண்டும். நடைமுறையில், ஒரு காலத்தில் பத்து மாத அட்வான்ஸ் வழக்கமாக இருந்த இந்த ஊரில், இப்போதும் ஐந்தாறு மாதம் கேட்பவர்கள் உண்டு. ‘பதினொரு மாத ஒப்பந்தம்தானே, பதிவு எதற்கு’ என்பார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்குத்தான் பத்திரப் பதிவு கட்டாயம் என்ற பழைய கணக்கிலிருந்து வந்த பேச்சு அது. வாடகை ஆணையத்தின் பதிவு வேறு, பதினொரு மாதத்துக்கும் அது பொருந்தும்.

நமக்கு முக்கியமான ஒரு வரி இந்தச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. பழுதுபார்க்கும் பொறுப்பை இருவருக்கும் பிரிக்கும்போது, கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, சுவருக்கு வெள்ளையடிப்பது, குழாய் மாற்றுவது, மின் வயரிங் ஆகியவற்றை உரிமையாளர் பக்கம் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்சு, கழிவுநீர் அடைப்பு நீக்குதல் போன்றவற்றோடு, வாடகைதாரர் பயன்படுத்தும் தோட்டம், திறந்தவெளி ஆகியவற்றின் பராமரிப்பை வாடகைதாரர் பக்கம் வைக்கிறது. மாடியைக் கூட்டுவதும் துளையில் சேரும் இலையை அள்ளுவதும் உங்கள் வேலை. தளத்தின் வழியே கீழே நீர் கசிந்தால் அது அவர் வேலை. இந்த எல்லைக்கோடு ஒப்பந்தத்தில் இல்லாததால்தான் மேலே சொன்ன வெள்ளையடிப்புச் செலவு என் தலையில் விழுந்தது.

ஆகவே மூன்றாவது வீட்டுக்கு எழுதிய ஒப்பந்தத்தில் இப்படி ஒரு பத்தி சேர்த்தேன். உங்கள் அளவுகளை மாற்றி அப்படியே பயன்படுத்திக்கொள்ளலாம்: ‘மேற்படி நான்காம் தளக் குடியிருப்போடு சேர்ந்து, அதன் கிழக்குப் புறமுள்ள சுமார் 220 சதுர அடி திறந்த மாடியும் வாடகைதாரரின் தனிப் பயன்பாட்டுக்காக இவ்வாடகையிலேயே அடங்கும். மாடியைச் சுத்தமாக வைத்திருப்பதும் நீர்ப்போக்குத் துளைகளை அடைப்பின்றி வைத்திருப்பதும் வாடகைதாரரின் பொறுப்பு. தளத்தின் நீர்த்தடுப்புப் பூச்சு, வாட்டம், மழைநீர்க் குழாய், கைப்பிடி ஆகியவற்றின் பழுதும், அவற்றால் கூரையிலோ சுவரிலோ ஏற்படும் ஓதமும் உரிமையாளரின் பொறுப்பு. வாடகைதாரர் தொட்டிச் செடிகள் வைத்துக்கொள்ளவும், சுவரைச் சேதப்படுத்தாமல் புறாவலை கட்டிக்கொள்ளவும் உரிமையாளர் இசைகிறார்.’ உரிமையாளர் கையெழுத்திடும் முன் இரண்டு முறை படித்தார், ‘கைப்பிடி’ என்ற சொல்லில் சற்று நின்றார், பிறகு போட்டார். பழுதுபார்க்க உரிமையாளர் வீட்டுக்குள் வருவதானால் 24 மணி நேரத்துக்கு முன் அறிவிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. மாடிக்கும் அது பொருந்தும் என்று ஓர் அரை வரி சேர்த்துவிட்டால் வாக்குவாதம் இராது.

மாத மெயின்டெனன்ஸ் கட்டணம் யாருடையது, தரகருக்கு எவ்வளவு (பெரும்பாலும் ஒரு மாத வாடகை), ஆண்டுக்கு எத்தனை சதவீதம் உயர்வு என்பவற்றை வழக்கம்போல் பேசி முடித்துவிடுங்கள். மாடியோடு கூடிய பெரிய வீடுகளின் வாடகை மாதம் 50,000 ரூபாயைத் தாண்டினால், வாடகை கொடுக்கும் தனிநபரே 2 சதவீத வரியைப் பிடித்தம் செய்து அரசுக்குச் செலுத்த வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே உரிமையாளரின் பான் எண்ணைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

குடிபோன பிறகு

பால் காய்ச்சும் அன்றே, சாமான்கள் மாடியை மறைப்பதற்கு முன், கைப்பேசியில் படமெடுங்கள். தரையின் விரிசல், துளையின் நிலை, கைப்பிடி இறங்கும் இடங்கள், கூரையின் நான்கு மூலைகள் ஆகியவற்றை எடுத்து, தேதியோடு அன்றைக்கே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு சல்லடை மூடியைத் துளையின் மேல் பொருத்துங்கள்.

செடி வளர்க்க ஆசைப்படுவோர் எடையை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி, ஓரடி ஆழமுள்ள தொட்டியில் ஈரமண் நிரப்பினால் ஏறத்தாழ 180 கிலோ. அப்படி நான்கு தொட்டிகளை, சுவரிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் பால்கனியின் கம்பியோரம் வரிசையாக வைப்பது அறிவுடைமையாகாது. கனமானவற்றை வீட்டுச் சுவரோரம் வைத்து, கம்பியோரத்தில் தேங்காய் நார்க்கழிவு கலந்த இலேசான பைகளை வையுங்கள்; மாடித் தோட்டத்துக்கு வேண்டிய பைகள், விதைகள் அடங்கிய தொகுப்புகளைத் தோட்டக்கலைத் துறை மானிய விலையில் வழங்கி வந்திருக்கிறது. எதையும் தரையோடு ஒட்ட வைக்காமல் செங்கல்லின்மேல் ஏற்றி வைத்தால் அடியில் நீர் ஓட வழி கிடைக்கும், நீர்த்தடுப்புப் பூச்சும் கெடாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்கினால் ஒரு வாரத்தில் கொசு உற்பத்தியாகிவிடும். டெங்குவைப் பரப்பும் கொசு தேடுவது இத்தகைய தெளிந்த நீரைத்தான்; மாநகராட்சியின் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வந்து முதலில் தூக்கிப் பார்ப்பதும் அந்தத் தட்டுகளைத்தான்.

புயல் எச்சரிக்கை வந்தால், தொட்டிகளையும் நாற்காலிகளையும் முதல் நாளே உள்ளே எடுத்துவிடுங்கள். 2016 டிசம்பரில் வர்தா கரையைக் கடந்தபோது, மாடிகளிலிருந்து பறந்த தகரமும் தொட்டியும் கீழே நிறுத்தியிருந்த வாகனங்களின் மேல் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பால்கனி விளக்கின் மின்னிணைப்பை அணைத்துவிட்டு, படுக்கப் போகும் முன் ஒருமுறை டார்ச்சோடு சென்று அந்தச் சல்லடை மூடியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள்.